நெய்தல் மணலில் ஊர்வன தேடல்

முன்னுரை

இராசிபுரத்தில் நின்று பார்ப்பவர்க்குப் போதமலையும் கொல்லிமலையும் தெரியும், கடல் தெரியாது. மரவள்ளியும் மஞ்சளும் சோளமும் விளையும் இச்சமவெளியில் பிறந்து வளரும் மாணவருள் பலர் நெய்தல் திணையை ஏட்டில் மட்டுமே அறிந்தவராவர். ஆயினும், சேர்வராயன் மலையில் தோன்றிச் சேலத்தைக் கடந்து வரும் திருமணிமுத்தாறு காவிரியில் கலக்கிறது. காவிரியோ பூம்புகாரில் கடலை அடைகிறது. நம் மண்ணில் பெய்த மழையின் ஒரு பங்கு சென்று சேரும் கரையை நாம் அயல்நிலம் எனக் கருதுதல் பொருந்தாது.

சென்னை முதல் கோடியக்கரை வரை நீளும் சோழமண்டலக் கரை, காண்பவர் கண்ணுக்கு இனியது. வெண்மணல் மேடு, அடும்பங்கொடி, தாழை, சவுக்குத் தோப்பு, உப்பங்கழி என அழகு பல அங்கு உண்டு. அவ்வழகினுள் மறைந்து வாழும் ஆமை, பாம்பு, பல்லி, தவளை, தேரை ஆகியவற்றைத் தேடிக் காண்பதனை ஒரு கல்வியாகக் கொண்டோர் அறிவியலாருள் உளர். பழங்குடி மக்களுள் உளர். நம் சங்கப் புலவருள்ளும் இருந்திருத்தல் வேண்டும். ஊர்வனவற்றைத் தேடுதல் என்பது அடிப்படையில் ஒரு வாசிப்பு என்பதனையும், அவ்வாசிப்புக்குத் தமிழ்ச் சொல் துணைநின்றது என்பதனையும், இன்று உயிரும் சொல்லும் ஒருங்கே இடருற்றுள்ளன என்பதனையும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அகநானூறு காட்டும் ஆமை

அகநானூற்றின் 160ஆம் பாடல் குமுழி ஞாழலார் நப்பசலையார் பாடியது. தலைவனது நெய்தல் நிலத்தைச் சுட்டும்போது புலவர் ஓர் ஆமையைக் காட்டுகிறார். நிறைசூல் கொண்ட ஆமை, அடும்பங்கொடி சிதையும்படி அதனை இழுத்துக்கொண்டு, வளைந்த கழியின் அருகே குவிந்து கிடக்கும் வெண்மணலின் பக்கத்தில் மறைவாக முட்டையிட்டுப் புதைக்கிறது. அம்முட்டை தந்தத்தால் செய்த வட்டுக்காயின் வடிவினது. புலால் நாற்றம் உடையது. குஞ்சு வெளிப்படும் காலம்வரை, பிளந்த வாயினை உடைய ஆண் ஆமை அதனைக் காத்துக் கிடக்கிறது. இதுவே அப்பாடல் தரும் காட்சி.

இக்காட்சியை இன்றைய உயிரியலோடு ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும். சோழமண்டலக் கரையில் மிகுதியாக முட்டையிட வருவது மீனவர் பங்குனி ஆமை என வழங்கும் இனம். இது பெரும்பாலும் சனவரி முதல் மார்ச்சு, ஏப்ரல் வரையில் இரவு வேளையில் கரையேறுகிறது. அலை எட்டாத மணல் மேட்டை நாடிச் செல்லும் வழியில் அடும்பங்கொடிகள் அதன் துடுப்புகளில் சிக்கிச் சிதைவது இயல்பே. பின்துடுப்புகளால் ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்திற்குக் குடம் போன்ற குழியைத் தோண்டி, நூறு முட்டைகள் அளவில் இடுகிறது. மணலை மூடியபின் உடலை இருபுறமும் அசைத்து அடித்துக் கெட்டிப்படுத்துகிறது. முட்டை உருண்டையானது, வெண்மையானது. ஆகவே இடம், கொடி, மறைப்பு, வடிவம், நாற்றம் ஆகிய ஐந்தும் புலவர் கூற்றோடு பொருந்துகின்றன.

பொருந்தாதது ஒன்றே, அது காவல். ஆண் கடலாமை முட்டையைக் காப்பதில்லை. முட்டையிடும் மணலுக்கு அது வருவதே இல்லை. பெண் ஆமையும் மணலை மூடியபின் கடலுக்குத் திரும்பிவிடும். தன் குஞ்சின் முகத்தை அது காண்பதில்லை. 45 முதல் 55 நாள்வரை மணலின் வெப்பமே முட்டைகளை அடைகாக்கிறது. அவ்வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சும் குறைந்தால் ஆண் குஞ்சும் மிகுதியாகத் தோன்றும் என்பது அறிவியல் கண்ட உண்மை.

எனின், புலவர் பிழைபட்டார் எனக் கொள்ளலாமோ? அங்ஙனம் கொள்ளுதல் அப்பாடலின் நோக்கத்தை அறியாமையாகும். தலைவியின் பொறுப்பைத் தலைவன் ஏற்க வேண்டும் என்னும் குறிப்புக்குக் காக்கும் கணவன் தேவைப்பட்டான். ஐங்குறுநூற்றில் பொய்கை ஆமையின் பார்ப்பு தாயின் முகத்தை நோக்கியே வளரும் எனக் கூறப்படுவதும் அன்பின் குறிப்பே. உணர்வுக்காகச் சேர்த்தவற்றை நீக்கிவிட்டு நோக்கினால், எஞ்சும் செய்திகள் யாவும் கண்ணால் கண்டவர் கூற்றாகவே உள்ளன. இரவில் மணலில் நடந்து, சிதைந்த கொடியைக் கண்டு, புதைத்த முட்டையின் நாற்றத்தை அறிந்த ஒருவர் அப்பாடலின் பின்னே நிற்கிறார். அவர் புலவரோ, புலவருக்குச் சொன்ன பரதவரோ, நாம் அறியோம். தேடியவர் என்பது தெளிவு.

தடம் படித்தல்

அத்தேடல் இன்றும் தொடர்கிறது. 1970களின் தொடக்கத்தில் சென்னைக் கடற்கரையில் ரோமுலஸ் விட்டேக்கர் முதலான இயற்கை ஆர்வலர் சிலர் ஆமை தேடி இரவு நடை மேற்கொண்டனர். 1988இல் மாணவர்களே கூடி மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பை உருவாக்கினர். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட மணலில் நள்ளிரவுக்குப்பின் நடந்து, கூடுகளைக் கண்டறிந்து, முட்டைகளைப் பாதுகாப்பான பொரிப்பகத்திற்கு மாற்றுவதும், குஞ்சுகளைக் கடலில் விடுவதும் அவர்தம் பணி. பூம்புகாரை அடுத்த கரைகளிலும் கோடியக்கரையிலும் வனத்துறை பொரிப்பகங்களை நடத்தி வருகிறது.

இங்குத் தேடப்படுவது ஆமை மட்டும் அன்று, ஆமையின் தடம். கடலிலிருந்து மேலேறிய தடம் ஒன்றும் இறங்கிய தடம் ஒன்றுமாக இரண்டு கோடுகள் மணலில் கிடக்கும். பங்குனி ஆமை துடுப்புகளை மாற்றி மாற்றி ஊன்றி நகர்வதால் அதன் சுவடு இருபுறமும் ஒத்திராது, மாறி மாறி அமையும். பேராமையும் ஏழுவரி ஆமையும் இரு முன்துடுப்புகளையும் ஒருங்கே ஊன்றுவதால் அவற்றின் சுவடு இருபுறமும் ஒத்திருக்கும். இரு கோடுகளும் கூடுமிடத்தில் மணல் கலைந்திருப்பின் அங்குக் கூடு இருத்தல் கூடும். முட்டையிடாமலே திரும்பிய ஆமையும் உண்டாதலின், கோலால் மென்மையாக ஊன்றிப் பார்த்து மணலின் நெகிழ்ச்சியை உணர்ந்தபின்னரே துணிவர். ஒற்றெழுத்து ஒன்று மாறினால் பொருள் மாறுவது போலவே, துடுப்பின் சுவடு ஒன்று மாறினால் இனமே மாறிவிடும். உரை எழுதப் பயிலும் மாணவர்க்கு இப்பயிற்சி அயலானது அன்று.

இத்துறையில் தனித்து நினைக்கத்தக்கவர் சதீஷ் பாஸ்கர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பயின்ற அவர், அப்படிப்பைத் தொடராது, இந்தியக் கடற்கரையில் 4000 கிலோமீட்டருக்கும் மேலாக நடந்து ஆமைக் கூடுகளைக் கணக்கெடுத்தார். 1982இல் இலட்சத்தீவுகளுள் ஆளற்ற சுஹேலித் தீவில் மழைக்காலம் முழுவதும் தனித்துத் தங்கிப் பேராமைகளை ஆராய்ந்தார். அக்காலத்தில் மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் எறிய, அதனை இலங்கைக் கரையில் மீனவர் ஒருவர் எடுத்து உரியவர்க்கு அனுப்பிவைத்தார் என்னும் செய்தி வியப்புக்குரியது. 2023இல் அவர் மறைந்தார். இந்தியத் தீவுகளின் ஆமைக் கரைகளைப் பற்றிய தொடக்கநிலை அறிவின் பெரும்பகுதி அவருடைய நடையால் கிடைத்ததாகும்.

இத்தனை உழைப்புக்குப் பின்னும் நிலைமை கவலைக்குரியதாகவே உள்ளது. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். இழுவலையில் சிக்கி நெடுநேரம் நீருக்குள் கிடந்தால் மூச்சடைத்து இறக்கும். 2025 சனவரியில் சென்னையையும் அதனை அடுத்த கரைகளையும் சார்ந்து நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. கரையிலோ, கட்டடங்களின் விளக்கொளி பிறந்த குஞ்சுகளை மயக்குகிறது. இயற்கையில் இருண்ட கரையைவிடக் கடலின் அடிவானமே ஒளி மிக்கது. அவ்வொளியை நோக்கி ஓடுவதே குஞ்சின் பிறவிக்குணம். இன்று நகரத்து விளக்கு அதனினும் ஒளி மிகுந்திருத்தலால் அவை கடலுக்கு முதுகைக் காட்டிச் சாலையை நோக்கி ஊர்கின்றன. கரையோரத்தார் சில மாதங்கள் இரவு விளக்குகளை அணைத்துவைப்பது எளிய செயலே ஆயினும், அதன் பயன் பெரிது.

நுணலும் தேரையும்

கடற்கரையில் தவளை இனத்தைத் தேடுவார் கடலைப் பாராது மணல் மேட்டின் பின்புறத்தைப் பார்த்தல் வேண்டும். தவளையின் தோல் நீரை உள்வாங்கும் இயல்பினது; உவர்நீரில் அதன் உடல்நீர் வெளியேறிவிடும். தென்கிழக்காசிய அலையாத்திக் காடுகளில் வாழும் நண்டுண்ணித் தவளை போன்ற ஒரு சில இனங்களே உவர்நீரைப் பொறுக்கும். ஆயினும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் மணல் மேடுகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களில் நன்னீர் தேங்குகிறது. மணலில் இறங்கிய மழைநீர் உவர்நீரினும் எடை குறைந்ததாதலின் அதன்மேல் மிதந்து நிற்கிறது. அச்சிறு குட்டைகளே தவளைகளின் மணவறை.

ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்து, மழை பெய்ததும் மேலெழும் உருண்டை உடல் தவளைகள் தமிழகத்தில் உண்டு. பின்னங்கால்களால் மணலைத் தள்ளி, பின்புறமாகவே அவை புதைந்துகொள்ளும். மேலே நிற்பவர்க்கு ஒன்றும் தெரியாது. குரல் எழுப்பினால் மட்டுமே இருப்பிடம் புலப்படும். பழமொழி நானூறு இதனைத் தெளிவாக அறிந்திருக்கிறது. மணலுள் மூழ்கி மறைந்து கிடக்கும் நுணல், தன் வாயாலேயே தனக்குக் கேடு தேடிக்கொள்ளும் என்பது அந்நூல் ஆளும் பழமொழி. இன்று நாம் தவளை தன் வாயால் கெடும் என்று பொதுவாகக் கூறிவிடுகிறோம். பழைய வழக்கில் நுணல் என்னும் தனிப்பெயரும், மணலுள் மறைதல் என்னும் தனிப்பண்பும் இருந்தன. சொல் பொதுமையாகியபோது உற்றுநோக்கிய செய்தியும் உடன் மறைந்தது.

குறுந்தொகையின் 193ஆம் பாடல், குறுகிய வாயை உடைய சுனையில் அகன்ற வாய்த் தேரை தட்டைப் பறைபோல ஒலிப்பதனைக் கூறுகிறது. தினைப்புனத்தில் கிளி ஓட்டும் தட்டையின் ஒலியோடு தேரையின் குரலை ஒப்பிட்ட செவியின் நுட்பம் போற்றத்தக்கது. இன்றைய ஆய்வாளரும் இரவில் குட்டையின் கரையில் நின்று குரலைப் பதிவு செய்து, அதன் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே இனத்தைத் துணிகின்றனர். ஆண் தவளையே குரலெழுப்பும். ஒவ்வோர் இனத்தின் குரலும் வெவ்வேறு. உருவத்தால் ஒத்த இரண்டு தவளைகள் குரல் வேற்றுமையால் இரண்டு இனங்களெனத் தெளியப்பட்ட செய்திகளும் உண்டு.

தவளை இல்லாக் கழனியின் இழப்பையும் நாம் அறிவோம். தவளைக் கால்கள் ஒருகாலத்தில் இந்தியாவிலிருந்து பெருமளவில் ஏற்றுமதியாயின. வயல்களில் பூச்சி பெருகும் என்னும் கவலை வலுத்தமையால் 1987இல் அவ்வேற்றுமதி தடைசெய்யப்பட்டது.

இருளர் கற்ற கல்வி

கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருமருங்கும் உள்ள புதர்களிலும் சவுக்குத் தோப்புகளிலும் பாம்பு தேடுவதில் இருளர்க்கு நிகரானவர் இலர். எழுதப்படாத அக்கல்வி தந்தையிடமிருந்து மகனுக்கும் தாயிடமிருந்து மகளுக்கும் வருவது. வளையின் வாயில் சிலந்தி வலை முழுமையாக இருப்பின் உள்ளே புதிதாக எதுவும் நுழையவில்லை. வாயிலின் மண் வழவழப்பாக இருப்பின் அடிக்கடி போக்குவரத்து உண்டு. உரித்த சட்டையின் செதில் அமைப்பு இனத்தைச் சொல்லும். எச்சம் அண்மையைச் சொல்லும். கையில் ஒரு கடப்பாரையும் ஒரு பையுமே கருவிகள். மற்றவை யாவும் கண்ணும் பொறுமையுமே.

ஒருகாலத்தில் இவ்வறிவு பாம்புத்தோல் வணிகத்திற்குப் பயன்பட்டது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதனையடுத்துத் தோல் ஏற்றுமதியும் தடைசெய்யப்பட்டது. இருளரின் பிழைப்பு தடைப்பட்ட அந்நிலையில், 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரம் செல்லும் வழியில் வடநெம்மேலியில், 1976இல் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணையின் வளாகத்தில் அது இயங்கி வருகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கு பாம்புகளையும் உரிமம் பெற்றுப் பிடித்து, சில வாரங்கள் பானையில் வைத்து, நஞ்சை எடுத்தபின் வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுகின்றனர். பிடித்த பாம்பையே உடனே மீண்டும் பிடித்து வருத்தாதிருக்கவே அவ்வடையாளம். அந்நஞ்சைக் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவற்றின் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து நஞ்சுமுறி மருந்து செய்யப்படுகிறது.

இம்மருந்தின் அருமை நம் சமவெளி மக்களுக்கு விளக்க வேண்டுவதன்று. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என ஆய்வொன்று மதிப்பிட்டது. அவருள் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். மரவள்ளிக் காட்டில் களையெடுப்பவரும், இரவில் பயிருக்கு நீர் பாய்ச்சுபவரும் எந்நாளும் இவ்விடருக்கு உள்ளாகின்றனர். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கைக்குரிய நோயாக ஆக்கியது. கடற்கரைப் புதரில் ஓர் இருளர் படித்த தடம், இராசிபுரத்து மருத்துவமனையில் ஓர் உழவரின் உயிராகத் திரும்பி வருதல் கூடும்.

இருளரின் திறத்தை உலகமும் அறிந்தது. 2017இல் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவரும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டனர். அந்நிலத்துக்கு அயலான பர்மிய மலைப்பாம்புகள் அங்குப் பெருகி, ஏனைய உயிர்களை அழித்துவந்தன. அவ்விருவரும் இரு வாரத்திற்குள் 13 பாம்புகளைக் கண்டுபிடித்தனர். 2023இல் இந்திய அரசு இருவர்க்கும் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

பெயர்களின் இழப்பு

தொல்காப்பிய மரபியல், பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்களை வகுத்து, தவழ்பவற்றிற்கும் அவை உரியவென விதிக்கிறது. சங்கப் பாடல்கள் ஆமைக் குஞ்சைப் பார்ப்பு என்றே கூறுவது அவ்விதிக்குச் சான்று. குறிஞ்சிப்பாட்டு முதலை, இடங்கர், கராம் என மூன்றினை ஒருங்கு வைத்துக் கூறுகிறது. உரையாசிரியர் இவற்றை முதலை வகைகளாகக் கொண்டனர். இந்தியாவில் இன்று வாழ்வனவும் மூவகை முதலையினங்களே. அம்மூன்று பெயரும் இம்மூன்று இனத்தையே குறித்தன எனத் துணிந்துவிட முடியாது. ஆயினும், வேறுபாடு கண்டு பெயரிட்ட மக்கள் வாழ்ந்தனர் என்பதனை மறுக்கவியலாது. கொள்ளிடத்து அணைக்கரையில் இன்றும் முதலை உண்டு; இடங்கர், கராம் என்னும் சொற்களோ அகராதியில் மட்டும் உள்ளன.

மீனவர் வழக்கில் பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை என ஐந்து கடலாமைகளுக்கும் பெயர்கள் உள்ளன. முட்டையிடும் திங்கள், உருவின் அளவு, தலையின் பருமை, முதுகின் வரிகள் என அப்பெயர்களே இனத்தை அறியும் குறிப்பேடாக அமைகின்றன. இவற்றை விடுத்துப் பிறமொழிப் பெயரை மட்டும் பயிலும் தலைமுறைக்கு இக்குறிப்பேடு கிட்டாது போகும்.

தேடுவோர்க்குச் சில நெறிகள்

இக்கல்வியில் ஈடுபட விரும்பும் மாணவர் சில நெறிகளைக் கைக்கொள்ளல் வேண்டும். பட்டறிவு உடையார் துணையின்றியும் வனத்துறையின் இசைவின்றியும் ஆமை தேடிச் செல்லலாகாது. கரையேறும் ஆமையின் முன்னே நிற்பதும், விளக்கைப் பாய்ச்சுவதும், படமெடுக்க நெருங்குவதும் அதனை முட்டையிடாமலே திரும்பச் செய்யும். கூட்டைத் தாமே தோண்டுதல் குற்றம். தவளையைக் கையால் எடுத்தல் அதன் மெல்லிய தோலுக்குத் தீங்கு. பாம்பைக் கண்டால் விலகி நின்று நோக்குக, பிடிக்க முயலற்க. வலையில் வந்த கடற்பாம்பு அசைவற்றுக் கிடப்பினும் தொடலாகாது; அது கொடிய நஞ்சுடையது. கடி நேர்ந்துவிடின், கீறுதலும் இறுகக் கட்டுதலும் உறிஞ்சுதலும் தவிர்த்து, கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லுதலே வழி.

முடிவுரை

கடலுக்குச் செல்ல இயலாதவர் வருந்த வேண்டுவதில்லை. தேடும் கண் உடையார்க்கு நம் ஊரும் வளமான நிலமே. கொல்லிமலையின் பெயரைத் தாங்கிய பல்லியினம் ஒன்று 2019இல்தான் அறிவியல் உலகுக்கு அறிமுகமாயிற்று. வல்வில் ஓரி ஆண்ட மலை எனப் பலகாலும் பாடியும் பேசியும் வந்த மலையில், பெயரிடப்படாத உயிர் அந்நாள்வரை ஊர்ந்துகொண்டிருந்தது. நம் ஏரிக்கரைகளில் மழை இரவுதோறும் ஒலிக்கும் குரல்களுள் எத்தனைக்கு நாம் பெயர் அறிவோம்?

தமிழ் பயிலும் மாணவர் இதன்பொருட்டுச் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. உழவர், மீனவர், இருளர், கொல்லிமலை மக்கள் ஆகியோரிடம் சென்று, பாம்புக்கும் தவளைக்கும் பல்லிக்கும் ஆமைக்கும் அவர்கள் வழங்கும் பெயர்களையும், அப்பெயர்க்கு அவர்கள் கூறும் காரணங்களையும் முதியோர் வாழும் காலத்திலேயே எழுதிவைத்தல் வேண்டும். விலங்கியல் துறையினர் உயிரை அடையாளம் காட்ட, தமிழ்த்துறையினர் சொல்லை அடையாளம் காட்டினால் அது இரு துறைக்கும் பயன்படும் தொகுப்பாகும்.

நப்பசலையார் பாடிய காவற் கணவன் இயற்கையில் இல்லை. ஆயினும் இன்று அந்த மணலில் குஞ்சு வெளிப்படும் காலம்வரை விழித்திருந்து காப்போர் உளர். அவர்கள் மாணவர்கள், வனத்துறைக் காவலர்கள், கரையோர மீனவ இளைஞர்கள். பொரிப்பகத்தின் வேலிக்குள் மணல் அசைந்து முதற் பார்ப்பு தலைநீட்டும் மாலையில், அதனைக் கூடையில் ஏந்தி அலையின் ஓரத்தில் விட்டு, அது நீரில் மறையும்வரை நின்று பார்த்துத் திரும்புகின்றனர்.